பொலிரோவுக்குள் ஒரு வளவு: காட்டுப்பாதை வண்டியைத் தங்கும் வண்டியாக மாற்றுவது எப்படி

எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டியின் பின்சீட்டை மடக்கிவிட்டு, ஒரு கோரைப்பாயை விரித்து, வீட்டு வாசலிலேயே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். அதுவும் சித்திரை வைகாசியில் படுத்தால் இன்னும் நல்லது. கால் எங்கே இடிக்கிறது, கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் புழுக்கம், போனை எங்கே வைப்பது, இரண்டு மணிக்குத் தண்ணீர் தாகம் எடுத்தால் சொம்பு எங்கே இருக்கிறது என்று எல்லாம் அந்த ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். நான் தேவகோட்டையில் நான்கு சக்கர ஓட்டம் உள்ள பழைய பொலிரோ ஒன்று வாங்கியபோது இதைச் செய்யவில்லை. நேராக ஆசாரியிடம் போனேன், அதனால் ஒரு முழு அமைப்பையும் பிரித்து இரண்டாவது முறை செய்ய வேண்டியதாகிவிட்டது. அந்தக் கதை கீழே வருகிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இணையத்தில் பார்ப்பது பெரும்பாலும் குளிர் நாட்டு வண்டிகளை. சுவர் முழுக்கக் கம்பளி, உள்ளே ஹீட்டர், மூடிய சமையலறை. நம் செட்டிநாட்டுச் சீமையில் அப்படிக் கட்டினால் அது அடுப்பாகிவிடும். நமக்கு வேண்டிய பாடம் நம் ஊர் வீடுகளிலேயே இருக்கிறது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டுக்குள் போய் நின்று பாருங்கள். முகப்பு வாசலில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றம் தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி, பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும், காற்றும் அதே கோட்டில் ஓடும். அடுப்படி கடைசியில் இருக்கும், சமையல் சூடும் புகையும் படுக்கிற இடத்துக்கு வராது. வெளியாட்கள் முகப்புத் திண்ணையோடு சரி. வண்டியிலும் இதையேதான் செய்கிறோம்: பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் தார்ப்பாய் முகப்பு, உள்ளே படுக்கை வளவு, பின்கதவைத் திறந்தால் அடுப்படி. மொத்த வழிகாட்டியும் இதுதான், மீதி எல்லாம் விவரம்.

வண்டி

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘பொலிரோ கேம்பர்’ என்று விற்பது இரட்டைக் கேபின் வைத்த சரக்கு வண்டி, பெயரில் மட்டும்தான் கேம்பர். சொந்த உபயோகத்துக்குப் பொலிரோ, கூர்கா, தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி இவைதான் நம் பக்கம் கிடைப்பவை. கூர்காவில் முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் டிஃபரன்ஷியல் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதைச் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு) இருக்கிறது, 2024இல் ஐந்து கதவு வண்டியும் வந்துவிட்டது, அதனால் இருவர் காலை நீட்டிப் படுக்க இடம் உண்டு. மூன்று கதவுத் தாரும் ஜிம்னியும் மலை ஏறுவதில் கெட்டிக்கார வண்டிகள், ஆனால் உள்ளே ஒருவர் படுப்பதே சிரமம். அதில் போகிறவர் கூடாரம் அடிப்பதாக வைத்துக்கொள்ளட்டும். நான் பொலிரோ எடுத்ததற்கு ஒரே காரணம், எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் அதன் அடிவயிறு தெரிந்த ஒருவர் இருப்பார் என்பதுதான். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், கீழே தனி சேசிஸ். ஆடம்பரம் இல்லை, பழுது பார்ப்பது சுலபம்.

பழைய வண்டி வாங்கினால் சேசிஸில் துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள், தொண்டிக் கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள். நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டு மண்ணில் ஐம்பது அடி ஓட்டிப் பாருங்கள். தார்ச்சாலையில் போட்டுப் பார்க்காதீர்கள், முன்னச்சையும் பின்னச்சையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வகை வண்டிகளில் திரும்பும்போது கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஆர்.சி.யில் 15 வருடம் எப்போது முடிகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், அதற்கப்புறம் வண்டியைக் காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சட்டம்

இதைத் தாண்டிப் போக மனம் வரும், போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. கூரையை வெட்டி உயர்த்துவது, பின்சீட்டை நிரந்தரமாகக் கழற்றி இருக்கை எண்ணிக்கையைக் குறைப்பது, எஞ்சினை மாற்றுவது எல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்தால் ஆர்.சி.யும் வண்டியும் வேறு வேறாகிவிடும், விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். முன்னால் இரும்புக் கிராஷ் கார்டு போடுவதையும் மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடுத்துவிட்டது.

ஆகவே என் யோசனை: எதையும் வெட்டாதீர்கள், பற்ற வைக்காதீர்கள். மொத்தத்தையும் ஒரு சாமான் போலச் செய்யுங்கள். சீட்டை மடக்கி வைத்தபடி அதன் மேல் உட்காரும் பெட்டிகள், இருக்கிற சீட் பெல்ட் துளைகளிலும் சாமான் கட்டும் கொக்கிகளிலும் போல்ட்டு, பட்டை வைத்து இறுக்கியவை, இரண்டு பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் இறக்கி வைக்கக்கூடியவை. ஊர்த் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிப் போக வண்டி வேண்டுமென்றால் பெட்டியை இறக்கிப் பத்தாயத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகலாம். சட்டச் சிக்கலும் இல்லை, வண்டியை விற்றாலும் பெட்டி நமக்கே.

எடை

என் முதல் அமைப்பு கெட்டுப்போனது இதில்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பிரித்த வீட்டு மரங்கள் கிடைக்கும், பர்மாத் தேக்கு, நூறு வருடம் ஆகியும் ஒரு பூச்சி அரித்த தடம் இருக்காது. அந்த மரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நான் உத்தரத்திலிருந்து அறுத்து, முழுக்கத் தேக்கில் கட்டிலும் இழுப்பறையும் செய்தேன். பார்க்க அவ்வளவு அழகு. எடை மேடையில் ஏற்றியபோது அந்த மரச்சாமான் மட்டும் 140 கிலோ. தண்ணீரும் சாமானும் ஏற்றியதும் பின் ஸ்பிரிங் உட்கார்ந்து, முகப்பு விளக்கு வானத்தைப் பார்த்தது. திருமயம் தாண்டி ஒரு குழியில் இறங்கியபோது பின் அச்சு ரப்பரில் போய் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதைப் பிரிக்க வந்த பெரியவர் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்கு அளவுகோல்: “தம்பி, இது நிக்கிற வீடு இல்ல, ஓடுற வீடு. ஆணி அடிச்சா ஆறு மாசத்துல ஆடும். போல்ட்டு போடுங்க, கழட்டுற மாதிரி பண்ணுங்க, கனத்த மரத்த வீட்டுக்கு வச்சுக்கங்க.”

கணக்கு இப்படித்தான். ஆர்.சி.யில் சுமையற்ற எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. ஆட்களும் அதில் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இருவர் 140 கிலோ, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, பெட்டியும் படுக்கையும் 60, பேட்டரியும் சின்ன ஃபிரிட்ஜும் 28, சமையல் சாமான் 25, கருவிகள் 25, தார்ப்பாய்ப் பந்தல் 15, துணிமணி 20. கூட்டினால் 353 கிலோ ஆகிவிட்டது, இதில் இன்னும் ஒரு ஆடம்பரமும் இல்லை. எட்டுக்கு நாலு அளவு 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று ஏறக்குறைய 33 கிலோ, அதே பலகை 12 மி.மீ. என்றால் 22 கிலோதான். கீழே 20 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம் போட்டு மேலே 12 மி.மீ. வைத்தால் இருவர் படுக்கத் தாராளமாகத் தாங்கும். பலகை வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள், தண்ணீருக்கு அது தாங்கும்.

எல்லாம் முடிந்ததும் டீசல் நிரப்பி, தண்ணீர் நிரப்பி, ஆட்களும் உட்கார்ந்து ஏதாவது ஒரு அரிசி ஆலை எடை மேடைக்குப் போங்கள். முதலில் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில், அப்புறம் முழு வண்டி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் அச்சின் சுமை. கனமானவை எல்லாம் தாழ்வாகவும் இரண்டு அச்சுக்கும் நடுவிலும் இருக்க வேண்டும், கூரையில் இலேசான சாமான் மட்டும். கூரைக் கூடாரம் வைக்க ஆசை என்றால், அதுவே பெரும்பாலும் 50 கிலோவுக்குக் குறையாது, வண்டிக் கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படுக்கை

படுக்கைக்கு மூன்று அளவு எடுங்கள்: உங்கள் உயரத்தோடு நான்கு விரற்கடை நீளம், சக்கர மேடுகளுக்கு இடையிலான அகலம், படுக்கையிலிருந்து கூரைவரை உயரம். மூன்றாவதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். மெத்தையில் உட்கார்ந்தால் தலை இடிக்கக் கூடாது, அதற்கு ஏறக்குறைய 90 செ.மீ. வேண்டும். கீழே பெரிய இழுப்பறை வேண்டும் என்று படுக்கையை உயர்த்திக்கொண்டே போனால், மழைநாளில் உள்ளே உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க முடியாது. நான் இழுப்பறை உயரத்தை 28 செ.மீ.யோடு நிறுத்திக்கொண்டேன்.

நீளம் போதாவிட்டால் முன்சீட்டை முன்னால் தள்ளி, தலைப்பக்கம் ஒரு மடக்குப் பலகை வையுங்கள், பகலில் அது மடங்கிப் படுக்கையின் மேல் கிடக்கும். மேற்பலகையை முழுப் பலகையாகப் போடாமல், இரண்டு விரல் இடைவெளி விட்ட பட்டைகளாகப் போட்டால் கீழிருந்து காற்று வரும், மெத்தை வேர்க்காது. மெத்தைக்கு ஃபோம் போட்டேன், வெயில் காலத்தில் முதுகு கொதித்தது. இப்போது மூன்று அங்குல இலவம் பஞ்சு மெத்தை, அதன் மேல் கோரைப்பாய். பஞ்சை வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் தொல்லை. நம் வெக்கைக்கு இதற்கு இணையாக எதையும் நான் பார்க்கவில்லை.

சின்னச் சாமானுக்குப் பனையோலைக் கொட்டான் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா ஓட்டத்தில் கடகடவென்று ஆடும், கொட்டான் சத்தம் போடாது, எடையே கிடையாது, இடுக்கில் அமுங்கி உட்காரும்.

வெக்கையும் காற்றும்

கூரை, கதவு உட்பக்கம் இரண்டிலும் 10 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஃபோம் ஒட்டலாம், ஏ.சி. குழாய்க்குச் சுற்றுவது அதுதான், ஒட்டும் பசையோடு தாளாகவே கிடைக்கிறது. வெள்ளித்தாள் பூசிய ஷீட்டை இரும்போடு ஒட்டினால் பயன் குறைவு, அதற்கு முன்னால் கொஞ்சம் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஃபோம் பகல் சூட்டைத் தள்ளிப்போடுமே தவிர ராத்திரிப் புழுக்கத்தை அது ஒன்றும் செய்யாது. ராத்திரிக்குக் காற்று ஓட வேண்டும். நம் வீட்டு நேர்கோடுதான்: முன்பக்கம் ஒரு கண்ணாடி, எதிர்மூலையில் பின்பக்கம் ஒரு கண்ணாடி, இரண்டும் நான்கு விரல் இறங்கியிருக்க வேண்டும், மேலே மழைத் தடுப்பு வைசர் இருக்க வேண்டும். ஒன்றில் காற்றை உள்ளே இழுக்கும் 12 வோல்ட் விசிறி, மற்றதில் வெளியே தள்ளும் விசிறி. இரண்டும் ஒரே திசையில் வீசினால்தான் ஓட்டம் வரும், இரண்டையும் உள்ளே பார்த்து வைத்தால் சூடான காற்றையே கிண்டிக்கொண்டிருக்கும்.

கொசுவலைக்குத் தையல்கடையில் கொடுத்து, கதவுக்கு உறை போலத் தைத்து வாங்குங்கள், மேலிருந்து மாட்டிக் கதவைச் சாத்தினால் கண்ணாடியைத் தாராளமாக இறக்கலாம். ஊருணி ஓரத்தில் ஒரு சாயங்காலம் நின்றவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, எழுந்திருக்கவே விடாது.

மின்சாரம்

மின்சாரம் என்றாலே பயப்படுகிறவர்கள் அதிகம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம் காரைக்குடியில்தான் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது, 1953இல் திறந்தார்கள். பேட்டரியைப் பற்றி நாடு முழுக்கப் பேசும் ஆய்வு நடக்கும் ஊரில் இருந்துகொண்டு பேட்டரிக் கணக்கு தெரியாமல் இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

முதல் விதி, வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் கை வைக்காதீர்கள். அதில் ஃபிரிட்ஜை ஓடவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது, கண்மாய்க்கரையில் தள்ளிவிட ஆள் கிடைக்காது. தனிப் பேட்டரி வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையே வைக்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள், கடைக்காரரும் தருவார். வேண்டாம். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல், பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதன் மேல்தான் நீங்கள் படுக்கப் போகிறீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12.8 வோல்ட் 100 ஏ.எச். என்றால் 1280 வாட்-மணி, எடை 12 கிலோ சுற்றி, பெரும்பங்கைப் பயன்படுத்தலாம்.

செலவைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு விசிறி, ஒவ்வொன்றும் 12 வாட், ஒன்பது மணி நேரம்: 216. விளக்கு 5 வாட், ஐந்து மணி நேரம்: 25. இரண்டு போன்: 30. நாற்பது லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நம் வெக்கையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400. மொத்தம் 671 வாட்-மணி. அதாவது எங்கும் நகராமல், வெயிலும் இல்லாமல் இருந்தால்கூட ஒன்றரை நாளுக்கு மேல் ஓடும். ஃபிரிட்ஜை விட்டுவிட்டால் நான்கு நாள் கவலையில்லை. நான் ஃபிரிட்ஜ் இல்லாமல் இரண்டு வருடம் போனேன், ஒன்றும் குறையவில்லை, அதனால் முதலில் விசிறியும் விளக்கும் போதும், ஃபிரிட்ஜை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் என் யோசனை.

சார்ஜ் இரண்டு வழியில் ஏறட்டும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், மூன்று மணி நேரம் ஓடினால் 750 வாட்-மணி கிடைக்கும். நேராக வயர் கொடுத்து இணைக்காதீர்கள், புது பி.எஸ். 6 வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை ஏற்றி இறக்கும், லித்தியத்துக்கு அது ஒத்துவராது. நின்ற இடத்தில் கூரையில் 100 வாட் சோலார் தகடு, நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 400 வரை தரும்.

வயரில் கஞ்சத்தனம் கூடாது. எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை நான்கு மீட்டர், போக வர எட்டு. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரில் 20 ஆம்பியர் போனால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும், வயரும் சுடும். 10 ஸ்கொயர் செம்பு என்றால் 0.28 வோல்ட்தான். இரண்டு பேட்டரிப் பக்கமும், முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். நடுவில் எங்கேயோ வைத்த ஃபியூஸ், அதற்கு முன்னால் வயர் உராய்ந்து ஷார்ட் ஆனால் காப்பாற்றாது. இரும்புத் தகட்டுத் துளை வழியாக வயர் போகும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள். பேட்டரியை எஞ்சின் பக்கம் வைக்க வேண்டாம், சூடு மிஞ்சினால் லித்தியம் பேட்டரிகள் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திக்கொள்ளும். படுக்கைக்கு அடியில் தரையோடு, காற்றுப் போகும் பெட்டியில் இறுக்கிக் கட்டி வையுங்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில்.

இந்த வேலையில் கடைசி இணைப்பை மட்டும் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். வயர் எங்கே எப்படிப் போகிறது என்று ஒரு நோட்டில் வரைந்து வண்டியிலேயே வையுங்கள், ஊர் பேர் தெரியாத இடத்தில் வேறொருவர் திறந்து பார்க்கும்போது அந்தப் படம்தான் பேசும்.

அடுப்படியும் தண்ணீரும்

சமையல் வண்டிக்கு வெளியே. பின்கதவு திறந்ததும் இழுத்தால் வரும் ஒரு பலகை, அதில் ஒற்றை அடுப்பு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படுக்கை அடியில் போய்த் தேங்கும். ஐந்து கிலோ சிலிண்டர் வைப்பதாக இருந்தால் நிற்க வைத்துக் கட்டி, அடியில் வெளிக்காற்றுப் போக வழி விட்டு வையுங்கள். சின்ன பியூட்டேன் கேனை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விடாதீர்கள், 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும், மே மாதத்தில் பூட்டிய வண்டிக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும்.

நம் ஊர்ச் சமையல் இந்தப் பயணத்துக்கென்றே இருக்கிறது. பருப்புப் பொடி, வற்றல், காய்ச்சி எடுத்த புளிக்காய்ச்சல், கும்மாய மாவு, தேன்குழல், சீடை. கும்மாய மாவும் கருப்பட்டியும் நெய்யும் இருந்தால் பத்து நிமிடத்தில் வயிறு நிறையும். இரண்டு எவர்சில்வர் சட்டி, ஒரு தூக்குவாளி, மூடி இறுகும் நான்கு சம்படம், போதும்.

தண்ணீர் ஒருவருக்குக் குடிக்க ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், சமையல், கை கால் கழுவ இன்னொரு மூன்று. இருவருக்கு மூன்று நாள் என்றால் 42 லிட்டர். ஒரே பெரிய தொட்டி வைக்காமல் இரண்டு கேன்களாக வையுங்கள், ஒன்று கெட்டாலும் ஒழுகினாலும் இன்னொன்று இருக்கும், பாதி நிறைந்த பெரிய தொட்டி வளைவில் அலம்பி வண்டியை ஆட்டவும் செய்யும். காலால் மிதிக்கும் பம்பு ஒன்று போதும்.

டயரும் மீட்புச் சாமானும்

சிவகங்கைச் சீமையில் டயருக்கு எமன் சீமைக் கருவேல முள். வண்டித்தடத்தில் வெட்டிப் போட்ட விறகுச் சிம்பு கிடந்தால் போதும், டியூப்லெஸ் டயரையும் துளைத்துவிடும். பஞ்சர் பிளக் செட், 12 வோல்ட் காற்றுப் பம்பு, காற்று அளவுமானி மூன்றும் இல்லாமல் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். கூடவே ஒரு மண்வெட்டி, மணலில் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் இரண்டு பலகை, எடை குறித்த இழுவைப் பட்டையும் அதை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளும். பட்டையைச் சேசிஸில் உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் குமிழில் மாட்டி இழுத்தால் அது பிடுங்கிக்கொண்டு குண்டு போலப் பறக்கும், உயிர் போயிருக்கிறது.

தொண்டிப் பக்கம் கடற்கரை மணலில் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் அகலமாகி மிதக்கும், வெளியே வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும். நம் செம்மண் வறண்டிருக்கும்போது தார்ச்சாலை போல இருக்கும், ஒரு மழை பெய்தால் சோப்பு. ஐப்பசி கார்த்திகையில் கண்மாய்க்குள் வண்டியை நிறுத்தவே கூடாது, வரத்துக்கால் எப்போது தண்ணீர் கொண்டுவரும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. கண்மாய்க் கரை மேலே வண்டியை ஏற்றிச் சாகசம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. ஒரு ஊரே அந்தக் கரையை நம்பி நெல் போடுகிறது.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் இருபது கிலோமீட்டருக்குள், அவசரமானால் வீட்டுக்குத் திரும்பிவிடும் தூரம். இரண்டாவது, திருமயம், சித்தன்னவாசல் என்று ஒரு முழு நாள் வெயிலில் சுற்றிவிட்டு ஒரு ராத்திரி. கோட்டை, குகை வாசலில் தங்க முடியாது, பக்கத்து ஊரில் யாரிடமாவது கேளுங்கள். “அண்ணே, ராத்திரி இங்க வண்டிய நிப்பாட்டிப் படுத்துக்கலாமா, காலைல கிளம்பிருவோம்” என்று நேராகக் கேட்டால் தோப்பிலோ களத்திலோ இடம் கொடுக்காதவர்களை நான் பார்த்ததில்லை, பல இடத்தில் காலையில் காப்பியும் வந்திருக்கிறது. குப்பையை மட்டும் நீங்கள் கொண்டுவந்துவிடுங்கள். கார்த்திகை மார்கழியில் வேட்டங்குடிப் பறவைச் சரணாலயப் பக்கம் போனால் விளக்கையும் பாட்டையும் அடக்கி வையுங்கள், அந்த ஊர் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. காட்டு நிலத்தில் அனுமதி இல்லாமல் இரவு தங்கக் கூடாது, மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஓட்டம் மலைக்கு. நத்தம் வழியாகத் திண்டுக்கல் போய்ச் சிறுமலை ஏறுங்கள், 18 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எஞ்சின் சூட்டையும், இறங்கும்போது பிரேக்கையும் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், சுமை ஏற்றிய வண்டி பழைய வண்டி போல நிற்காது. ஒவ்வொரு வளைவிலும் உள்ளே எது ஆடுகிறது, எது உருளுகிறது என்று பின்னால் உட்கார்ந்தவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் பட்டியலில் பதினொன்று இருந்தது, அதில் ஏழு சம்பட மூடிகள்.

திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவுவதற்கு முன்னால் ஸ்பானரை எடுங்கள். பெட்டி போல்ட்டுகள், பேட்டரி முனைகள், கூரைக் கேரியர் நட்டுகள், சக்கர நட்டுகள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த ஓட்டத்தில் கோடு விலகியிருந்தால், அந்த நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.